இலைக்காசு ஐயாயிரத்தத் தாண்டுனா பெரிய ரிட்டர்ன் ஃபார்மா?

ஆசிரியர் ஐயா அவங்களுக்கு வணக்கம்ங்க,

நம்ம பேப்பர்ல 12 லட்சம் வரைக்கும் வருமான வரி கிடையாதுன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, நல்லா எளிமையாத்தான் எழுதியிருந்தாங்க, குறை சொல்ல வரல. ஆனா அத படிச்சதுல இருந்து எங்க ஊர்ல பாதிப் பேரு நமக்கு இனிமே ரிட்டர்னே தேவையில்லன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க, மீதிப் பேரு பேப்பரையே கையில எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்து இதுல நம்ம இலைக்காச பத்தி, அதாவது தேயிலை வித்து வர்ற காச பத்தி, ஒண்ணுமே இல்லியேன்னு கேக்கறாங்க. அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், வெட்டிப் போடறதா இருந்தா, இலைக்காசு ஐயாயிரம் ரூபாவத் தாண்டுனா பெரிய ஃபார்ம் போடணும்ங்கற விஷயத்த மட்டும் வெட்டிடாதீங்க.

நான் கோத்தகிரி பக்கம் சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கேன். ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், பட்டா நகல், அதோட ரிட்டர்ன் ஃபைல் பண்ற வேலையும் உண்டு, சிக்கலான கேஸ்னா ஆடிட்டர்கிட்ட அனுப்பிடுவேன். வீட்டுக்குப் பின்னாடி எங்களுக்கும் கொஞ்சம் தேயிலை இருக்குது. அதனால ரெண்டு பக்கமும் தெரியும்ங்க.

கட்டுரை எழுதுனவங்க மனசுல ஒரு ஆளுக்கு ஒரு வருமானம்னு ஒரு கணக்கு இருக்குது. மாசச் சம்பளம் வாங்கறவர் ஒருத்தர், கடைக்காரர் ஒருத்தர், விவசாயி ஒருத்தர்னு தனித்தனியா பிரிச்சு எழுதியிருக்காங்க. கீழ சமவெளில அப்படி இருக்கலாம். இங்க மலைல ஒரே வீட்டுல அது அத்தனையும் இருக்கும். அப்பா அரவங்காடு வெடிமருந்து ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர்டு ஆகி பென்ஷன் வாங்குவாரு, அவர் பேர்லயே ஒண்ணர ஏக்கர் தேயிலை இருக்கும், வீட்டு முன்னாடி ரோட்டப் பாத்தாப்ல ஒரு மளிகைக் கடை, மேல ரெண்டு ரூம் சீசனுக்கு டூரிஸ்ட்டுக்கு விடுவாங்க, மருமக ஸ்கூல்ல டீச்சர். இதுல எது யாரோட வருமானம், எதுக்கு வரி, எதுக்கு இல்ல, எந்த ஃபார்ம்னு அவங்களுக்கே தெரியாது, சொல்லித் தரவும் ஆள் இல்ல.

முதல்ல இலைக்கு வர்றேன். பச்சை இலையப் பறிச்சு ஃபேக்டரிக்குப் போட்டா, அது இன்ட்கோங்கற கூட்டுறவு ஃபேக்டரியா இருந்தாலும் சரி தனியார் ஃபேக்டரியா இருந்தாலும் சரி, வர்ற காசு முழுக்க விவசாய வருமானம், அதுக்கு வருமான வரி கிடையாது. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா வரி இல்லன்னா ரிட்டர்ன்ல காட்டவே வேணாம்னு அர்த்தம் இல்லீங்க. ஐடிஆர்-1னு ஒரு ஃபார்ம் இருக்குதே, சகஜ்னு சொல்லுவாங்க, சம்பளக்காரங்களும் பென்ஷன்காரங்களும் பத்து நிமிஷத்துல முடிக்கிற ஃபார்ம், அத போடணும்னா விவசாய வருமானம் வருஷத்துக்கு 5,000 ரூபாக்கு மேல இருக்கக் கூடாது. தாண்டிட்டா ஐடிஆர்-2. கடை வெச்சிருக்கவங்க போடற ஐடிஆர்-4, சுகம்னு பேரு, அதுக்கும் அதே 5,000 தான், தாண்டிட்டா நேரா ஐடிஆர்-3. பேர்ல இருக்கற சுகம் ஐடிஆர்-3ல கிடையாதுங்க, அட்டவணை மேல அட்டவணையா போய்ட்டே இருக்கும், டூட்டி பாக்கற ஆடிட்டருக்கே சலிப்பு வரும்.

5,000 ரூபான்னா எவ்வளவுன்னு கொஞ்சம் பாருங்க. கிலோவுக்கு 20 ரூபான்னு வெச்சுக்குவோம், 250 கிலோ இலை. நாலஞ்சு சென்ட் வெச்சிருக்கவங்களத் தவிர வேற யாரும் இந்தக் கோட்டுக்குள்ள நிக்க முடியாது. பறிக்கிற கூலி, உரம், மருந்து, கவாத்து செலவெல்லாம் கழிச்சு நிகரமா எவ்வளவுன்னுதான் பாக்கணும், அது ஒத்துக்கறேன், ஆனா எங்க ஊர்ல நெறய வீட்டுல கூலிக்கு ஆள் விடறதில்ல, வீட்டுப் பொம்பளைங்களே பறிக்கறாங்க, அவங்க உழைப்புக்கு யாரும் கூலி போட்டு எழுதி வெக்கறதில்ல, அதனால செலவு கம்மியா தெரியும் வருமானம் ஜாஸ்தியா தெரியும். பனிக்காலத்துல உறைபனி விழுந்து செடியெல்லாம் கருகிக் கிடக்கும், இலையே இருக்காது, அப்படி இருந்தும் வருஷத்துக்குக் கூட்டிப் பாத்தா ஐயாயிரத்த தாண்டாத வீடு எங்க ஹட்டில, அதான் எங்க ஊர்ல, ஒண்ணு கூட இருக்காது.

இதுல எனக்கு ஆத்திரம் வர்ற இடம் ஒண்ணு இருக்குது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான, அதாவது 2024-25ல சம்பாதிச்சதுக்கான ஃபார்ம்ல ஒரு சலுகை குடுத்தாங்க. ஷேர் மார்க்கெட்ல, மியூச்சுவல் ஃபண்டுல நீண்டகால லாபம் 1.25 லட்சம் வரைக்கும் வந்தா கூட ஐடிஆர்-1, ஐடிஆர்-4லயே காட்டிக்கலாம், பெரிய ஃபார்முக்குப் போக வேணாம்னு. நல்ல விஷயம்தான், வேணாம்னு சொல்லல. ஆனா ஃபோன்ல உக்காந்து யூனிட் வித்து ஒரு லட்சம் லாபம் பாத்தவருக்கு சின்ன ஃபார்ம், அட்டைக்கடிக்கு நடுவுல நின்னு இலை பறிச்சு 5,001 ரூபா சம்பாதிச்ச அம்மாவுக்கு பெரிய ஃபார்ம். ஷேர்காரருக்கு 1.25 லட்சம்னு யோசிக்கத் தெரிஞ்சவங்களுக்கு விவசாயம்னு வந்தா மட்டும் ஐயாயிரத்துலயே ஏன் கை நடுங்குதுன்னு தெரியல.

இதனால என்ன நடக்குதுன்னு சொல்றேன், எழுதறதா வேணாமான்னு யோசிச்சேன், எழுதிடறேன். பாதிப் பேரு இலைக்காச காட்டறதே இல்ல. கேட்டா வரி இல்லாத காசு எதுக்குக் காட்டணும்னு கேப்பாங்க. மீதிப் பேருக்கு ஃபைல் பண்றவங்க அந்தக் கட்டத்துல 5,000ன்னு போட்டு விட்டுடறாங்க, அதுக்கு மேல போட்டா சாஃப்ட்வேர் உள்ள விடாது. எத்தனை ரிட்டர்ன்ல இந்த முழு ஐயாயிரத்த பாத்திருக்கேன் தெரியுங்களா. ஒரு கிலோ கூடாம ஒரு கிலோ குறையாம எல்லாருக்கும் அதே ஐயாயிரம் எப்படிங்க வெளையும்? பொய் சொல்லணும்னு யாரும் சொல்றதில்ல, உண்மையச் சொன்னா ஆடிட்டர் ஃபீஸ் ஐநூறுல இருந்து மூவாயிரம் ஆயிடுது, அவ்வளவுதான்.

அப்புறம் அதோட விளைவு வேற இடத்துல வந்து நிக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன், பொண்ணு நர்சிங் படிக்க பேங்க் லோன் கேட்டாரு. மூணு வருஷ ரிட்டர்ன் குடுங்கன்னாங்க. குடுத்தாரு. அதுல பென்ஷன்தான் முழுசா இருக்குது, இலைக்காசு வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல அக்கவுண்டுக்கு வருது, ஆனா ரிட்டர்ன்ல 5,000. மேனேஜர் பாஸ்புக்கப் பாத்துட்டு இந்தப் பணம் என்ன, இத ஏன் காட்டலன்னு கேட்டா இவர் என்ன பதில் சொல்லுவாரு. திருடுன காசு இல்ல, வரி இல்லாத காசு, இருந்தும் தலை குனிஞ்சு நிக்க வேண்டியதாப் போச்சு. இன்னைக்கு ஏஐஎஸ்னு ஒண்ணு இருக்குது, பான் நம்பர வெச்சு பேங்க் வட்டி, பெரிய டெபாசிட், ஷேர், நிலப் பத்திரம் எல்லாம் ஒரே இடத்துல டிபார்ட்மென்டுக்குத் தெரியுது, ஒரு வருஷத்துல சேவிங்ஸ் அக்கவுண்டுல 10 லட்சத்துக்கு மேல ரொக்கமா கட்டுனா அந்தத் தகவல் தானா போயிடும். மறைக்கிற காலம் இல்லீங்க இது.

இப்ப அந்த 12 லட்சத்துக்கு வர்றேன். 2025-26 நிதியாண்டுக்கு புது முறைல 4 லட்சம் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல 8 லட்சம் வரைக்கும் 5 சதவீதம், 12 லட்சம் வரைக்கும் 10, 16 வரைக்கும் 15, 20 வரைக்கும் 20, 24 வரைக்கும் 25, அதுக்கு மேல 30. 12 லட்சம் வரைக்கும் இருந்தா கணக்குப்படி 60,000 ரூபா வரி வரும், அந்த 60,000த்த தள்ளுபடியா குடுத்துடறாங்க, அதனால பூஜ்யம். சம்பளக்காரங்களுக்கும் பென்ஷனுக்கும் 75,000 நிலைக்கழிவு, ஸ்டாண்டர்ட் டிடக்சன்னு சொல்லுவாங்களே, அத சேத்தா 12.75 லட்சம். கட்டுரைல இது வரைக்கும் சரியா சொல்லியிருந்தாங்க. சொல்லாம விட்டது என்னன்னா, விவசாய வருமானம் 5,000த்த தாண்டி, மத்த வருமானமும் 4 லட்சத்த தாண்டுனா, விவசாய வருமானத்தயும் சேத்து ஸ்லாப் பாப்பாங்க. விவசாயத்துக்கு நேரடியா வரி போட மாட்டாங்க, ஆனா அத கீழ வெச்சு மத்த வருமானத்த மேல தூக்கி விடுவாங்க.

ஒரு ஹெட்மாஸ்டர்னு வெச்சுக்கோங்க, சம்பளம் 12,75,000. கழிவு போக 12 லட்சம். அவருக்கு இலைல நிகரமா ஒரு லட்சம். இப்ப 13 லட்சத்துக்கு வரி பாக்கணும், 75,000 வரும். அப்புறம் அடிப்படை 4 லட்சத்தோட அந்த ஒரு லட்சத்த கூட்டி 5 லட்சத்துக்கு வரி பாக்கணும், 5,000 வரும். அதுல இருந்து இத கழிச்சா 70,000. தள்ளுபடி 60,000 தான், அதுக்கு மேல குடுக்க மாட்டாங்க. மிச்சம் 10,000, அதுக்கு 4 சதவீதம் செஸ் 400. ஆக 10,400 கட்டணும். இலை இல்லாத ஹெட்மாஸ்டருக்கு ஒரு பைசா இல்ல, இலை இருக்கற ஹெட்மாஸ்டருக்கு 10,400. ஸ்டாஃப் ரூம்ல பக்கத்து சீட்டுக்காரர் ஒண்ணும் கட்டல, எனக்கு மட்டும் ஏன்னு ஒருத்தர் எங்கிட்ட சண்டைக்கே வந்துட்டாரு, நானா சட்டம் போட்டேன்.

இந்தச் சேத்துப் பாக்கற முறை தப்புன்னு நான் சொல்ல வரலீங்க. கோடிக்கணக்குல யாவாரம் பண்றவங்க கொஞ்சம் நிலத்த வாங்கிப் போட்டுட்டு லாபத்தயெல்லாம் விவசாயம்னு எழுதிடுவாங்க, அதத் தடுக்க ஏதாவது வேணும்தான். ஆனா அவங்களப் பிடிக்க விரிச்ச வலைல 5,000 ரூபா கண்ணு வெச்சா சிக்கறது யாருன்னு பாக்கணும். இன்னொண்ணு, கழிவு போக 6 லட்சம் பென்ஷன் வாங்கி 80,000 இலைக்காசு பாக்கறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் போட்டு முடிச்சா கடைசில வரி பூஜ்யம்தான், ஏன்னா வர்ற 10,000 வரியும் தள்ளுபடில போயிடும். அரசாங்கத்துக்கும் காசு இல்ல, அவருக்கும் நிம்மதி இல்ல, நடுவுல ஃபார்ம் நிரப்புற எனக்கும் ஆடிட்டருக்கும்தான் வேலை. என் பொழப்புக்கு இது நல்லதுதான், அதையும் சொல்லிக்கறேன்.

கூட்டுப் பட்டா விஷயம் இதவிட மோசம். தாத்தா பேர்ல பட்டா, தாத்தா போய் இருபது வருஷம் ஆச்சு, பிரிக்கல. அண்ணன் தம்பி மூணு பேரும் வாய்வார்த்தைல பாகம் பிரிச்சு அவங்கவங்க இலையப் பறிக்கறாங்க, ஆனா ஃபேக்டரில கணக்கு அண்ணன் பேர்ல மட்டும். மாசாமாசம் மொத்தக் காசும் அவர் அக்கவுண்டுக்கு வரும், அவரு எடுத்து தம்பிங்களுக்குக் கையில குடுப்பாரு. ரெக்கார்டுப்படி மொத்த வருமானமும் அண்ணனோடது. அவருக்கு பென்ஷனும் இருந்தா எல்லாம் அவர் தலைல. ஒரு நோட்டுல யாருக்கு எத்தனை கிலோ, எவ்வளவு குடுத்தோம்னு எழுதி, ரொக்கமா குடுக்காம அக்கவுண்டுல போட்டு விட்டாலே பாதிப் பிரச்சனை தீரும். சில ஃபேக்டரில தனித்தனி கணக்கு திறக்கலாமான்னு கேட்டா பட்டா கேக்கறாங்க, பட்டாவுக்குப் போனா வாரிசு சான்றிதழ், அதுக்குப் போனா ஊர்ல இல்லாத அத்தை கையெழுத்து. இத வருமான வரித் துறை தீக்க முடியாதுன்னு தெரியும், ஆனா வரில வந்து முட்டறது இதுதான். அதே மாதிரி வீட்டுக்காரம்மா பேருக்கு பணத்த மாத்தி எஃப்டி போட்டா வட்டி அவங்களோடதுன்னு நெனச்சுக்கறாங்க, இல்லீங்க, புருஷன் குடுத்த பணத்துல வர்ற வட்டிய புருஷன் வருமானத்தோட சேத்துத்தான் பாப்பாங்க. அந்தம்மா சொந்தமா இலை பறிச்சு சேத்த காசுன்னா அது வேற.

இலைன்னு பேரு வந்துட்டா எல்லாமே விவசாயம்னு ஒரு நெனப்பும் இருக்குது. ஊர்க்காரங்க இலைய வாங்கி வண்டில ஏத்தி ஃபேக்டரில போடற ஏஜென்ட் அண்ணன்மார்களே, உங்களுக்கு வர்றது விவசாய வருமானம் இல்ல, யாவாரம் அல்லது கமிஷன். கமிஷனா இருந்தா, கடைக்காரங்களுக்குன்னு நான் கீழ சொல்லப்போற 44ஏடிங்கற வரிச் சட்டப் பிரிவோட சலுகையும் கிடையாது, நிஜ லாபத்தக் கணக்குப் பாத்துத்தான் காட்டணும். அதே மாதிரி இப்ப சில பசங்க சொந்தத் தோட்டத்து இலைய தானே பதப்படுத்தி கைத்தேயிலை, வைட் டீன்னு பாக்கெட் போட்டு நல்ல விலைக்கு விக்கறாங்க, சந்தோஷமா இருக்குது பாக்க. ஆனா சொந்த இலைய டீத்தூளாக்கி வித்தா லாபத்துல 60 சதவீதம்தான் விவசாயம், 40 சதவீதம் தொழில் வருமானம், அதுக்கு வரி உண்டு. பக்கத்துத் தோட்டத்து இலையையும் வாங்கிக் கலந்தா அந்தப் பங்கு லாபம் முழுசாவே தொழில் வருமானம். இத யாரும் அந்தப் பசங்களுக்குச் சொல்றதில்ல, எப்படி டிசைனா பாக்கெட் போடறதுன்னு மட்டும் ட்ரெயினிங் குடுக்கறாங்க.

கடைக்காரங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்குது, அதுதான் 44ஏடி. வருஷ விற்பனை 2 கோடி வரைக்கும் இருந்தா, ரொக்கமா வாங்கறது 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 3 கோடி வரைக்கும், கணக்குப் புத்தகம் தேவையில்ல. ரொக்க விற்பனைல 8 சதவீதம், யூபிஐ, செக், பேங்க் வழியா வந்ததுல 6 சதவீதம் லாபம்னு காட்டுனாப் போதும். மளிகைக் கடைக்கு 30 லட்சம் விற்பனை, அதுல 20 லட்சம் ஜிபேல வந்ததுன்னு வெச்சா 1,20,000 ப்ளஸ் 80,000, ரெண்டு லட்சம் லாபம், வரியே இல்ல. ஆனா இதக் கேட்டும் நம்மாளுங்க யூபிஐக்கு பயப்படறாங்க. 2025 ஜூலைல பெங்களூர்ல யூபிஐ வரவ வெச்சு சின்னச் சின்ன யாவாரிங்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போச்சு, அந்தச் செய்தி வந்ததுல இருந்து மசினகுடி, கூடலூர் பக்கம் கூட ஸ்கேன் அட்டையக் கவுத்து வெச்சிட்டு கேஷ் மட்டும்னு சொல்ற கடைகளப் பாத்தேன். வரவேண்டிய வரி கேஷா வந்தாலும் ஒண்ணுதான் ஸ்கேன்ல வந்தாலும் ஒண்ணுதான், சொல்லப்போனா ஸ்கேன்ல வந்தா 6, கையில வாங்குனா 8. 44ஏடி போடறவங்க ஒண்ணு ஞாபகம் வெக்கணும், மொத்த வரி 10,000 ரூபா அல்லது அதுக்கு மேல வந்தா முழு முன்கூட்டி வரியையும் மார்ச் 15க்குள்ள கட்டிடணும், இல்லன்னா வட்டி. அப்புறம் ஒரு வருஷம் இதுல போட்டுட்டு அடுத்த வருஷம் லாபம் கம்மின்னு வெளிய வந்தா அஞ்சு வருஷத்துக்கு திரும்ப இதுக்குள்ள வர முடியாது.

இவ்வளவு எளிமையான முறைய குடுத்துட்டு, அதே கடைக்காரருக்குப் பின்னாடி அர ஏக்கர் தேயிலை இருந்தா ஐடிஆர்-4 கிடையாது ஐடிஆர்-3னு தள்ளி விடறாங்க பாருங்க, அதுதான் ஒத்துக்க முடியல. கணக்கு எழுத வேணாம்னு சொன்ன ஆளுக்கே கணக்கு எழுதறவங்களோட ஃபார்ம்.

ஜிஎஸ்டி பத்தி சுருக்கமா. 2025 செப்டம்பர் 22ல இருந்து சாக்லேட், கேக், பிஸ்கட்டு மாதிரி பேக்கரி சாமானெல்லாம் 18ல இருந்து 5 சதவீதத்துக்கு வந்துடுச்சு, வர்க்கி போடறவங்களுக்கும் ஹோம்மேட் சாக்லேட்காரங்களுக்கும் இது பெரிய உதவி. பச்சை இலைக்கு ஜிஎஸ்டி இல்ல, டீத்தூளுக்கு 5. சரக்கு மட்டும் விக்கறவங்களுக்கு தமிழ்நாட்டுல வருஷம் 40 லட்சம் வரைக்கும், சர்வீஸ்னா 20 லட்சம் வரைக்கும் ரிஜிஸ்டர் பண்ண வேண்டியதில்ல. காரட்டு, உருளை, பீன்ஸ்னு காய்கறி மட்டும் விக்கற மண்டிக்காரங்களுக்கு கோடில யாவாரம் நடந்தாலும் அந்தக் காய்க்கு வரியே இல்ல, ரிஜிஸ்ட்ரேஷனும் தேவையில்ல. ஆனா எங்க மாவட்டம் மூணு மாநிலம் சேர்ற இடம்ங்கறதுதான் சிக்கல். வரி உள்ள சரக்க வெளி மாநிலத்துக்கு அனுப்பி விக்கறவங்களுக்கு 40 லட்சம் கணக்கே கிடையாது, ஒரு டப்பா அனுப்புனாலும் ரிஜிஸ்டர் பண்ணணும். கூடலூர்ல கடை வெச்சு சுல்தான் பத்தேரி கடைக்கு சரக்கு ஏத்தி விடறவங்க, வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து மைசூருக்கு சாக்லேட் கூரியர் பண்ற பொண்ணுங்க, இவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? காம்போசிஷன்னு சின்ன யாவாரிங்களுக்கு இருக்கற எளிய ஜிஎஸ்டி திட்டத்துல 1 சதவீதம் கட்டறவங்களும் வெளி மாநிலத்துக்கு விக்கக் கூடாது, அவங்க கஸ்டமர்கிட்ட ஜிஎஸ்டின்னு தனியா வாங்கவும் கூடாது. வாங்கற கடை இருக்குது, பேரு சொல்ல மாட்டேன், பில்லப் பாத்து வாங்குங்க.

ரூம் விடறவங்களுக்கு ஒரு ரெண்டு வார்த்த. நீங்களே சாப்பாடு போட்டு, துணி மாத்தி, ஆள் வெச்சு நடத்துனா அது தொழில், 44ஏடி போடலாம். வீட்ட மொத்தமா வேற ஒருத்தருக்கு வாடகைக்கு விட்டு அவரு ஹோம்ஸ்டே நடத்துனா உங்களுக்கு வர்றது வீட்டு வாடகை, அதுல 30 சதவீதம் கழிச்சுக்கலாம். ஆன்லைன் புக்கிங் கம்பெனி வழியா வர்ற பணத்துல டிடிஎஸ் பிடிப்பாங்க, இப்ப 0.1 சதவீதம்தான், பான் குடுத்திருந்து வருஷம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா தனி நபருக்கு அதுவும் பிடிக்கக் கூடாது.

நிலம் விக்கறவங்களும் விவசாய நிலத்துக்கு டேக்ஸே இல்லன்னு அடிச்சுப் பேசுவாங்க. ஊட்டி, குன்னூர் நகராட்சி எல்லைக்குள்ள இருந்தாலோ, அந்த எல்லைல இருந்து நேர்க்கோட்டுல 2 கிலோமீட்டருக்குள்ள இருந்தாலோ தேயிலைத் தோட்டமா இருந்தாலும் மூலதன ஆதாய வரி உண்டு. பத்திரம் போடறதுக்கு முன்னாடி கேளுங்க, போட்டுட்டு வந்து கேக்காதீங்க. பழங்குடி மக்களுக்கு வருமான வரி இல்லன்னு ஒரு பேச்சும் சுத்துது, வேலைக்குப் போற தோடர், கோத்தர் பசங்க சில பேரு வந்து கேட்டாங்க. அந்த விலக்கு வடகிழக்கு மாநிலங்கள்ல சில பகுதிக்கும் லடாக்குக்கும்தான், நீலகிரிக்குப் பொருந்தாது. நியாயமான்னு கேட்டா எனக்கு நியாயமாப் படல, ஆனா சட்டம் அப்படித்தான் இருக்குது.

ஏப்ரல் 1, 2026ல இருந்து புது வருமான வரிச் சட்டம், 1961 சட்டம் போய் 2025 சட்டம். செக்‌ஷன் நம்பரெல்லாம் மாறுது, மதிப்பீட்டு ஆண்டு முந்தைய ஆண்டுங்கற குழப்பம் போய் வரி ஆண்டுன்னு ஒண்ணே ஒண்ணு. 2026 மார்ச் வரைக்கும் சம்பாதிச்சதுக்கு பழைய சட்டப்படிதான் ரிட்டர்ன். எல்லாத்தயும் எளிமையாக்கறோம்னு சொல்லித்தான் அந்தச் சட்டத்தயே கொண்டு வந்தாங்க, அப்படின்னா இந்த ஐயாயிரத்தயும் ஒரு தடவ எடுத்துப் பாத்திருக்கலாம்.

எந்த ஃபார்ம் யாருக்குங்கறத விதில வெக்கறது மத்திய நேரடி வரிகள் வாரியம், அறிவிக்கை போட்டா மாறிடும், அதுக்கு பார்லிமென்ட் வரைக்கும் போக வேண்டியதில்ல. ஷேர் லாபத்துக்கு 1.25 லட்சம்னு மாத்துன மாதிரி, விவசாய வருமானம் ரெண்டு லட்சம் வரைக்கும் ஐடிஆர்-1லயும் 4லயும் காட்டலாம்னு மாத்தலாம். சேத்துப் பாக்கறதுக்கான 5,000 மட்டும் வருஷா வருஷம் நிதிச் சட்டத்துல வருது, அத ஏத்தறதுக்கு எம்பி பேசணும். தேயிலை விலையப் பத்தி எல்லாக் கட்சிக்காரங்களும் மேடைல பேசறாங்க, பேசட்டும், இதுக்கு அரசாங்கத்துக்கு ஒரு ரூபா செலவு இல்ல, இதையும் சேத்துப் பேசச் சொல்லுங்க. சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்துக்காரங்களும் மனு எழுதும்போது விலை, உரம், மானியத்தோட இந்த ஒரு வரியையும் சேத்துக்கணும்.

உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான். ரிட்டர்ன் சீசன் வர்றப்ப திரும்ப கட்டுரை போடுவீங்க, போடுங்க. அதுல 12 லட்சம்னு கொட்டை எழுத்துல போடற பக்கத்துலயே, விவசாய வருமானம் 5,000த்துக்கு மேல இருந்தா ஐடிஆர்-1, ஐடிஆர்-4 போடாதீங்கன்னும், சம்பளம் 12 லட்சத்துக்குப் பக்கத்துல இருக்கறவங்க இலைக்காசையும் சேத்துக் கணக்குப் பாருங்கன்னும் ரெண்டு வரி போடுங்க. நீலகிரி பதிப்புல மட்டும் போட்டாக் கூடப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.